சொத்தைக் கடலை மாட்டுக்கு... பால் யாருக்கு? காய்ச்சினாலும் போகாத ஒரு நஞ்சின் கதை!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை பொறுக்குவது, சின்ன வயதில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. முறத்தில் கடலையைக் கொட்டிவிட்டு ஆயா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கெட்டியான பருப்பெல்லாம் ஒரு சட்டிக்குப் போகும். சுருங்கிப்போனது, கறுத்தது, பச்சையாகப் பூசணம் பிடித்தது எல்லாம் தனியாக ஒரு தகர டப்பாவுக்குப் போகும்.

“நல்லது நமக்கு, சொத்தை மாட்டுக்கு” என்பார் ஆயா. தப்பாகச் சொன்னதாக அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. எதையும் வீணாக்காத குடும்பம். மாடு தின்னும், பால் கறக்கும். அந்தப் பாலைத்தான் சாயங்காலம் எனக்கு டம்ளரில் ஆற்றிக் கொடுப்பார்.

அந்தத் தகர டப்பா எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது, போன மழைக்காலத்தில் அக்கா போன் செய்தபோதுதான். அவள் பையனுக்கு ஒன்றரை வயது. சோறு ஊட்டினால் துப்புகிறான், பால் மட்டும் கேட்டு வாங்கிக் குடிக்கிறான். அவளுடைய அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில், ‘தமிழ்நாட்டுப் பாலில் கேன்சர் விஷம்... இந்தியாவிலேயே நம்பர் ஒன்!’ என்று யாரோ ஃபார்வர்டு செய்திருக்கிறார்கள்.

“நீதான் பத்திரிகையில இருக்கியே... நெஜமா, பொய்யா? பால் குடுக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லு.”

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஃபார்வர்டில் எவ்வளவு நிஜம்?

பாதி நிஜம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, 2018 மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை நாடு முழுக்க 1,103 ஊர்களில் பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. கறந்த பால், பாக்கெட் பால் இரண்டும் சேர்த்து மொத்தம் 6,432 மாதிரிகள். முடிவுகள் 2019 அக்டோபரில் வெளியாயின.

எல்லோரும் பயந்துகொண்டிருந்தது கலப்படத்தை நினைத்து. யூரியா கலக்கிறார்கள், சோப்புத்தூள் கலக்கிறார்கள் என்று வருடக்கணக்காக வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால், பாதுகாப்பற்ற கலப்படம் என்று அகப்பட்டவை வெறும் 12 மாதிரிகள்தான். யாரும் எதிர்பார்க்காத ஒன்றுதான் தலைதூக்கியது. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவிகிதத்தில், ‘அஃப்லாடாக்சின் எம்1’ என்ற பூஞ்சை நஞ்சு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. இந்த நஞ்சை நாடு தழுவிய பால் ஆய்வில் தேடிப் பார்த்ததே அதுதான் முதல் முறை.

மாநில வாரியாகப் பார்த்தபோது தமிழ்நாட்டில் 551 மாதிரிகளில் 88. டெல்லியில் 262-க்கு 38. கேரளாவில் 187-க்கு 37. எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம் என்பதால் செய்திகளில் நாம்தான் தலைப்பு. ஆனால் ஒரு நிமிஷம் கால்குலேட்டரை எடுங்கள். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 16 சதவிகிதம், கேரளாவில் 20 சதவிகிதத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. விகிதத்தில் பார்த்தால் நாம் ‘நம்பர் ஒன்’ இல்லை. சந்தோஷப்படவும் இதில் ஒன்றுமில்லை. ஆறு மாதிரிகளில் ஒன்று என்பது சின்ன விஷயமா என்ன?

இன்னொன்றையும் அந்த அறிக்கை சொன்னது. கறந்த பாலைவிடப் பதப்படுத்தப்பட்ட பாலில்தான் இந்தப் பிரச்னை அதிகம் தென்பட்டது. ‘பாக்கெட் பால் வேண்டாம், நேராக மாட்டுக்காரரிடம் வாங்கினால் தீர்ந்தது’ என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, நஞ்சு எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

லட்சம் வான்கோழிகள் செத்த கதை

1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. லட்சத்துக்கும் மேல். என்ன நோய் என்று தெரியாமல் ‘டர்க்கி எக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். தேடிப் போனதில் நோய்க் கிருமி எதுவும் கிடைக்கவில்லை. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் கிடைத்தது. அதில் வளர்ந்திருந்தது ‘ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்’ என்ற பூஞ்சை. அந்தப் பெயரின் முதல் எழுத்தையும் அடுத்த சொல்லின் முன்பாதியையும் ஒட்டவைத்துத்தான் ‘அஃப்லாடாக்சின்’ என்ற சொல்லே பிறந்தது.

இதில் பல வகை உண்டு. புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்வது பி, பச்சையாக ஒளிர்வது ஜி. எல்லாவற்றிலும் மோசமானது பி1. மாடு பி1 கலந்த தீவனத்தைத் தின்றால், அதன் ஈரல் அந்த நஞ்சைக் கொஞ்சம் உருமாற்றுகிறது. அந்த உருமாறிய வடிவம் பால் வழியாக வெளியேறுகிறது. பாலில் வருவதால் ‘எம்’. மில்க்கின் எம்.

பால் கெட்டுப்போய் அதில் பூஞ்சை பிடிப்பதால் வருவதல்ல இது. மடியிலிருந்து இறங்கும்போதே உள்ளே இருக்கிறது. நிறம் மாறாது, வாசனை வராது, திரியாது, கசக்காது. நுரை ததும்ப, சூடாக, சுத்தமான பித்தளைச் செம்பில் கறந்த பாலிலும் இருக்கலாம்.

பி1-ஓடு ஒப்பிட்டால் எம்1-ன் புற்றுநோய் உண்டாக்கும் வீரியம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இருந்தாலும் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அஃப்லாடாக்சின்களை எம்1 உட்பட ‘மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை’ என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. குறி வைப்பது ஈரலை. ஹெபடைட்டிஸ் பி தொற்று ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. ஒரு டம்ளர் பால் குடித்தவுடன் யாரும் சுருண்டு விழப்போவதில்லை. வருடக்கணக்கில் தினமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. வீட்டில் உடல் எடைக்கு மிக அதிகமாகப் பால் குடிப்பது யார்? அக்கா பையன் மாதிரி சின்னக் குழந்தைகள்தான்.

புண்ணாக்கு மூட்டைக்குள் என்ன நடக்கிறது?

வேர்க்கடலை மண்ணுக்குள் காய்ப்பது. இந்தப் பூஞ்சையும் மண்ணில்தான் குடியிருக்கிறது. கடலை முற்றும் நேரத்தில் வறட்சி அடித்தால் செடியிலேயே பிடிக்கும். பிடுங்கிய பிறகு சரியாகக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் மூட்டைக்குள் பிடிக்கும். 25-லிருந்து 35 டிகிரி வரை வெப்பம், காற்றில் 80 சதவிகிதத்துக்கு மேல் ஈரம். இதுதான் அதற்குக் கொண்டாட்டம். நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகையை அப்படியே எழுதிவைத்த மாதிரி இல்லை?

தரம் பிரிக்கும்போது நல்ல கடலை ஏற்றுமதிக்கும் கடலைமிட்டாய்க்கும் போகிறது. உடைந்தது, சுருங்கியது, நிறம் மாறியது செக்குக்குப் போகிறது. பிழியும்போது எண்ணெயோடு கொஞ்சம் நஞ்சு போனாலும் பெரும்பங்கு சக்கையிலேயே தங்கிவிடுகிறது. அந்தச் சக்கைதான் புண்ணாக்கு. ஆயாவின் தகர டப்பா கதைதான் இது. அளவு மட்டும் லாரி லாரியாக.

கடலைப் புண்ணாக்கு மட்டுமல்ல. பருத்திக்கொட்டை, மக்காச்சோளம், தவிடு, மழையில் நனைந்த வைக்கோல் எல்லாவற்றிலும் இந்தப் பூஞ்சை வளரும். பச்சைப் புல் மேயும் மாட்டுக்கு வாய்ப்பு குறைவு. மூட்டையை நம்பி வாழும் மாட்டுக்கு அதிகம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சும்மா புரிந்துகொள்வதற்காகத்தான். ஒரு மாடு தினமும் 2 கிலோ புண்ணாக்கு தின்கிறது, ஒரு கிலோவில் 100 மைக்ரோகிராம் பி1 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயிற்றுக்குள் போவது 200 மைக்ரோகிராம். இதில் சாதாரணமாக 1 முதல் 2 சதவிகிதம் எம்1-ஆகப் பாலில் வரும். அதாவது 2 முதல் 4 மைக்ரோகிராம். மாடு 8 லிட்டர் கறக்கிறது என்றால் லிட்டருக்கு 0.25 முதல் 0.5 வரை. இந்தியாவில் பாலுக்கான உச்ச வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஆக, அந்த மாடு கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. புண்ணாக்கில் நஞ்சு இரண்டு மடங்கானால் கோட்டைத் தாண்டிவிடும் நிலைமை. நிறைய கறக்கும் கலப்பின மாடுகளில் பாலுக்கு வரும் பங்கு 6 சதவிகிதம் வரைகூடப் போகலாம் என்கிறார்கள்.

0.5 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? 10,000 லிட்டர் பால் டேங்கர் ஒன்று முழுக்க நிரம்பியிருக்கிறது என்றால், அதில் 5 மில்லிகிராம். ஒரு பொடி கல் உப்புதான். அதற்கு மேல் இருந்தால் அந்த டேங்கர் ஃபெயில். மூக்கையும் நாக்கையும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பது இப்போது புரிந்திருக்கும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. கெட்ட தீவனம் தின்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள் பாலில் நஞ்சு தெரிய ஆரம்பிக்கிறது. அதேபோல, அந்தத் தீவனத்தை நிறுத்திவிட்டால் மூன்று, நான்கு நாள்களில் பால் கிட்டத்தட்டச் சுத்தமாகிவிடுகிறது. மாட்டுக்கு மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம். மூட்டையை மாற்றினால் போதும்.

பட்டுக்குத் தெரியும் ஈரம்... புண்ணாக்குக்குத் தெரியாதா?

காஞ்சிபுரம்காரர்களுக்கு ஈரத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்து, கஞ்சி போட்டு, வெயிலில் காயவிடும் ஊர் இது. மழை பிடித்துக்கொண்டால் பாவு வேலை நின்றுபோகும், தறியும் நின்றுபோகும். பட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் இழை சொன்னபடி கேட்காது என்று வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஜரிகையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள். நெய்த சேலையைத் தரையில் வைக்கவே மாட்டார்கள்.

அதே வீட்டின் பின்கட்டில், தரையில் நேராக, சுவரோடு சுவராகச் சாய்ந்து நிற்கும் புண்ணாக்கு மூட்டை. எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. சிமென்ட் தரையிலிருந்து ஈரம் மேலே ஏறும், ஓதம் காத்த சுவரிலிருந்து பக்கவாட்டில் வரும். மூட்டையின் அடிப்பக்கம் கட்டி கட்டியாகப் பிடித்திருக்கும். அதைச் சுத்தியால் உடைத்து, ஊறவைத்து மாட்டுக்கு வைப்போம். கட்டி பிடித்திருந்தால் உள்ளே பூஞ்சை வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம் என்பது இப்போது இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் எனக்கே தெரியும்.

கால்நடை மருத்துவர்கள் சொல்லும் தீர்வில் எந்த ராக்கெட் விஞ்ஞானமும் இல்லை. மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டம் போட்டு அதன் மேல் அடுக்க வேண்டும். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி விட வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்காமல் பதினைந்து நாளைக்கு மட்டும் வாங்க வேண்டும். முதலில் வந்த மூட்டை முதலில் காலியாக வேண்டும். கடலையையும் சோளத்தையும் கடித்தால் ‘டக்’கென்று உடையும் அளவுக்குக் காயவைத்த பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும். ஊறவைத்த தீவனம் மிஞ்சினால் மறுநாளுக்கு எடுத்து வைக்கக் கூடாது. நம் ஊர் வைக்கோல் போர் உச்சி கூம்பி, ஓரம் சரிந்து இருப்பதே மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடத்தான். அதன் மேல் போடும் தார்ப்பாயின் அடியில் வியர்த்துக்கொட்டினால், போர் போட்டதற்கே பலனில்லை.

நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் இதில் நம்மைவிட ரொம்ப உஷார். சோளத்தில் நஞ்சு ஏறினால் முட்டை குறைந்து நஷ்டம் உடனே கையைக் கடிக்கும் என்பதால், தீவனத்தைச் சோதித்துப் பார்ப்பது, நஞ்சை வயிற்றிலேயே பிடித்துவைத்து எச்சத்தோடு வெளியேற்றும் களிமண் வகைப் பொருள்களைக் கலப்பது எல்லாம் அங்கே சகஜம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடமே இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவன ஆராய்ச்சி நிலையம் உண்டு.

பால் மாட்டுக்கு மட்டும் ஏன் இந்த அக்கறை இல்லை? பால் ஊற்றும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே அளப்பது கொழுப்பையும் இதர திடச்சத்தையும்தான். விலையும் அதற்குத்தான். நல்ல தீவனம் போட்டு நஞ்சில்லாத பால் ஊற்றுகிறவருக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைப்பதில்லை. பூசணம் பிடித்த மூட்டையைத் தூக்கிப் போட்டால் நஷ்டம் முழுக்க அவர் தலையில். இரண்டு மாடு வைத்திருப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பாக்கெட் பால் கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. பல ஊர்ப் பால் ஒன்றாகக் கலக்கும்போது ஒரு மாட்டின் நஞ்சு எல்லோர் பாக்கெட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. ஒரே மாட்டுக்காரரிடம் வாங்கினால், அவர் மூட்டை நன்றாக இருந்தால் உங்களுக்கு நல்லது. மோசமாக இருந்தால் மொத்தமும் உங்கள் வீட்டுக்குத்தான். பாக்கெட்டா, கறந்ததா என்பதைவிட, அந்த மாடு என்ன தின்றது என்பதுதான் விஷயம்.

நம் அடுப்பும் ஃபிரிட்ஜும் என்ன செய்யும்?

அக்கா கேட்ட அடுத்த கேள்வி இதுதான். “நல்லா பொங்கப் பொங்கக் காய்ச்சிட்டா போயிடும்ல?”

போகாது. பாக்டீரியாவுக்குத்தான் நெருப்புக்குப் பயம். இது உயிரில்லாத வேதிப்பொருள். பாஸ்டரைசேஷன், வீட்டில் காய்ச்சுவது, உயர் வெப்பத்தில் பதப்படுத்திய டெட்ரா பேக் எதுவும் இதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. மஞ்சள் தூள் போட்டாலும் அப்படியேதான். அதற்காகக் காய்ச்சாமல் குடித்துவிடாதீர்கள். மற்ற கிருமிகளுக்குக் காய்ச்சியே ஆக வேண்டும்.

ஃபிரிட்ஜில் வைத்தால்? எம்1 கூடாது, குறையாது. ஃப்ரீசரில் உறைய வைத்தாலும் அதேதான். பாலில் எவ்வளவு வந்ததோ அவ்வளவு.

ஆனால் பாலை வேறு ஒன்றாக மாற்றும்போது கதை சுவாரஸ்யமாகிறது. எம்1 பாலிலுள்ள கேசின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. பாலைத் திரித்துச் சீஸ் செய்யும்போது அந்தப் புரதத்தோடு சேர்ந்து அதுவும் சீஸுக்குள் போகிறது. அதனால் பாலில் இருந்ததைவிடச் சீஸில் கிலோவுக்கு 3 முதல் 5 மடங்கு வரை செறிவு கூடும். பன்னீருக்கும் இதே தர்க்கம்தான். பால்கோவாவில் தண்ணீர் மட்டும் ஆவியாகிறது. 5 லிட்டர் பாலைச் சுண்டவைத்து ஒரு கிலோ எடுத்தால் 5 லிட்டரின் நஞ்சும் அந்த ஒரு கிலோவில். தயிரில் உள்ள நல்ல பாக்டீரியா நஞ்சில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்று சில ஆய்வுகள் சொன்னாலும், அதை நம்பி உட்கார முடியாது.

நெய்யில்தான் நிம்மதி. கொழுப்போடு எம்1-க்குப் பெரிய உறவில்லை என்பதால், வெண்ணெய் எடுக்கும்போது பெரும்பகுதி மோரோடு போய்விடுகிறது. வெண்ணெயைக் காய்ச்சி இறக்கிய நெய்யில் மிஞ்சுவது மிகக் குறைவு. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியில் மிளகு, சீரகம், சுக்கோடு நெய்யைத் தாராளமாக ஊற்றுகிறார்களே, அந்த நெய்யை நினைத்துக் கவலைப்படாமல் இன்னொரு துண்டு வாங்கிக்கொள்ளலாம். நெய்யில் தண்ணீர் கிடையாது என்பதால் பூஞ்சையும் லேசில் வளராது. ஈரக் கரண்டி மட்டும் போடாதீர்கள்.

இதுவரை சொன்னது மாடு வழியாக வரும் நஞ்சு. வீட்டிலேயே நாம் உண்டாக்கும் நஞ்சு இன்னொன்று. பன்னீர், கோவா, சீஸ் மேல் நேராகப் பூஞ்சை பிடிப்பது. அஃப்லாடாக்சின் உண்டாக்கும் பூஞ்சைக்குக் குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே அது நஞ்சு உற்பத்தி செய்வது அநேகமாக நின்றுவிடும். சரியாக 4 டிகிரியில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் அந்தக் கவலை இல்லை. ஆனால் பவர்கட்டில் மணிக்கணக்காக நின்று, திரும்ப ஓடி, திரும்ப நிற்கும் ஃபிரிட்ஜ் வேறு கதை. அதோடு, குளிரிலேயே ஜாலியாக வளரும் வேறு பூஞ்சைகளும் உண்டு. அவற்றில் சில வேறு வகை நஞ்சுகளைக் கக்கும்.

எங்கள் அம்மாவுக்கு ஒரு பழக்கம். கோவா மேல் பச்சையாகப் புள்ளி தெரிந்தால் கத்தியால் சுரண்டிவிட்டு, “உள்ள நல்லாத்தான் இருக்கு” என்று கொடுத்துவிடுவார். கண்ணுக்குத் தெரியும் புள்ளி, செடிக்குப் பூ மாதிரி. வேர் உள்ளே எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று தெரியாது. கோவா, பன்னீர், தயிர், கிரீம், சீஸ் ஸ்லைஸ் மாதிரி மெத்தென்று இருப்பதில் பூஞ்சை தெரிந்தால் மொத்தமும் குப்பைக்கு. கட்டியான சீஸ் என்றால் மட்டும் புள்ளியைச் சுற்றியும் அடியிலும் ஓர் அங்குலம் தள்ளி வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். சூடாக இருக்கும்போதே கோவாவை டப்பாவில் அடைத்து மூடி போட்டால் மூடியில் நீர் கோத்து மேலே சொட்டும். பூஞ்சை ஆரம்பிப்பதே அந்தச் சொட்டு விழுந்த இடத்தில்தான். ஆறவிட்டு மூடுங்கள். பால் பவுடர் டின்னுக்கும் காய்ந்த ஸ்பூன்தான்.

சோளம் தின்ற நாய்கள்

‘இதெல்லாம் பணக்கார நாட்டுக் கவலை’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 1974-ல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் அறுவடை நேரத்தில் பருவம் தப்பி மழை பெய்தது. சோளக்கதிர் நனைந்து பூஞ்சை பிடித்தது. பழங்குடி மக்களுக்கு வேறு தானியம் இல்லை. அதையே சாப்பிட்டார்கள். மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம் என்று கிராமம் கிராமமாகப் படுத்தார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. பாதிக்கப்பட்ட 397 பேரில் 106 பேர் இறந்துபோனார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன விஞ்ஞானிகள் சோளத்தை ஆராய்ந்து, காரணம் அஃப்லாடாக்சின் என்று சொன்னார்கள். பாலில் வரும் துளிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஆனால் பூஞ்சை அதேதான், மழையும் அதேதான்.

2012-ல் ஐரோப்பாவில் கடும் வறட்சி. செர்பியாவில் விளைந்த சோளத்தில் நஞ்சு ஏறியது. 2013 தொடக்கத்தில் அங்கே பாலில் எம்1 தெரிந்தது. அந்தச் சோளம் தீவனமாகப் போன ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான பண்ணைகளின் பால் கண்காணிப்புக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம், நம்முடையதில் பத்தில் ஒரு பங்கு. செர்பியாவும் அதைத்தான் பின்பற்றியது. பால் ஃபெயிலாகத் தொடங்கியதும் செர்பிய அரசு என்ன செய்தது தெரியுமா? வரம்பை 0.5-ஆக உயர்த்திவிட்டது! பால் மாறவில்லை, ரிசல்ட் மட்டும் பாஸ். நம்முடைய வரம்பு 0.5 என்பதில் தப்பில்லை. அமெரிக்காவுக்கும், சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸுக்கும் அதே அளவுதான். எண்ணை எழுதி வைத்தால் மட்டும் போதாது, தினமும் யாராவது அளந்து பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே மாட்டுத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணயப்படி பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கம்பெனித் தீவனம் வாங்குகிறவர்கள் மூட்டையில் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். தெருமுனைக் கடையில் சில்லறையாக நிறுத்துத் தரும் புண்ணாக்குக்கு எந்த முத்திரையும் கிடையாது. என்னைக் கேட்டால் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பால் குளிரூட்டும் நிலையத்தில் ஒவ்வொரு டேங்கருக்கும் சில நிமிஷங்களில் முடிவு காட்டும் அட்டைச் சோதனை செய்ய முடியும். எந்த வழித்தடப் பாலில் நஞ்சு என்று தெரிந்தால், எந்தக் கிராமத்து மூட்டை என்று பின்னாடியே போய்ப் பிடிக்கலாம். நான்கு நாளில் பால் சரியாகிவிடும் என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் உதவும்.

வீட்டில் இதைச் சோதிக்க வழியில்லை. சந்தேகம் இருந்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு, வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் உரிமையை நமக்கே தருகிறது. தனி ஆளாகச் செய்வதைவிட, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் ஃபார்வர்டு போடுவதை நிறுத்திவிட்டு இதைச் செய்தால் நன்றாக இருக்கும்.

அக்காவிடம் நான் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான். பாலை நிறுத்தாதே. அவனுக்கு அதில் கிடைக்கும் சத்து அதிகம். ஆனால் பால் ஒன்றையே சாப்பாடாக்காமல் முட்டை, பருப்பு, கீரை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு. கடலை வறுத்துக் கொடுக்கும்போதும் பொடி பண்ணும்போதும் சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எறி. ஏனென்றால், மாட்டின் ஈரலில் வடிகட்டி வரும் எம்1-ஐவிட, நேராகக் கடலையில் வரும் பி1 பத்து மடங்கு மோசம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆயாவிடம் இப்போது மாடு இல்லை, விற்றுப் பல வருஷம் ஆகிறது. பக்கத்துத் தெருவிலிருந்து பால் ஊற்றும் அண்ணன்தான் காலையில் ஒரு வாளியோடு வந்து, வீடு வீடாகக் கழுநீர், காய்கறித் தோல் எல்லாம் வாங்கிப் போகிறார். பதிலுக்குச் சாயங்காலம் கொஞ்சம் கொசுறுப் பால். அன்றைக்கும் திண்ணையில் முறம், கடலை, தகர டப்பா. நான் புண்ணாக்குக் கதை முழுவதையும் ஆயாவுக்குச் சொல்லி முடித்தபோது, வாளி வாசலுக்கு வந்துவிட்டது.

கழுநீரை ஊற்றினார். வாழைக்காய்த் தோலைப் போட்டார். டப்பாவை எடுத்துக் கவிழ்க்கப் போனவர், கை பாதியில் நிற்க என்னைப் பார்த்தார்.

“அப்ப இத எங்கடா கொட்டறது?”